பாத் ஆஃப் எக்ஸைல் 2: கிளாஸைத் திட்டுவதற்கு முன் கையிலிருக்கும் ஆயுதத்தைப் பாருங்கள்

நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் பாத் ஆஃப் எக்ஸைல் 2 என்ற இந்த ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் கேமை ஏர்லி அக்ஸஸில் (முழுதாக முடியும் முன்பே விளையாடக் கொடுப்பது) விட்டது 2024 டிசம்பர் 6 அன்று. அப்போது மூன்று ஆக்ட் (கதையின் பகுதிகள்), ஆறு கிளாஸ் (வாரியர், விட்ச் மாதிரியான கேரக்டர் வகைகள்). அந்த மூன்று ஆக்ட்டையே ‘க்ரூவல்’ என்ற பெயரில் இன்னொரு தடவை முடித்தால்தான் எண்ட்கேம், அதாவது கதை முடிந்தபின் வரும் ஆட்டம், திறக்கும். 2025 ஏப்ரலில் வந்த 0.2 பேட்ச் ஹன்ட்ரஸ் கிளாஸைச் சேர்த்தது. ஆகஸ்ட் கடைசியில் 0.3 வந்து, நான்காவது ஆக்ட்டைக் கொடுத்து க்ரூவலைத் தூக்கிவிட்டது. டிசம்பரில் 0.4, கூடவே ட்ரூயிட்.

ஒவ்வொரு பெரிய பேட்ச்சுக்கும் எங்கள் கூட்டத்தில் புதிதாக நாலைந்து பேர் சேர்வார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்கிரீனைப் பகிர்ந்துகொண்டு, “இங்கேயே செத்துக்கொண்டிருக்கிறேன், என்ன தப்பு என்று பாருங்கள்” என்பார்கள். பார்த்தால் நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் பண்ணிய அதே கூத்து. ஸ்கில் தரும் ஜெம்மை எங்கே வைப்பது, மேப்பை எப்படித் திறப்பது மாதிரியான சில்லறைச் சந்தேகங்களை இங்கே தொடவில்லை. ஒரு சாயங்காலம் விளையாடினால் தானாகப் பிடிபட்டுவிடும். பிடிபடாமலே நூறு மணி நேரம் ஓடிவிடக்கூடியவை மட்டும் இங்கே.

ஆர்ப்களைப் பூட்டி வைத்துவிட்டுப் பழைய ஆயுதத்தோடு போவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஆர்ப் என்பது ஐட்டத்தில் போட்டு அதை மாற்றவோ மேம்படுத்தவோ செலவழிக்கும் பொருள். ஐட்டங்களில் வெள்ளை வெறுமையானது, நீலம் அதற்கு மேல், மஞ்சள் இன்னும் மேல்.

சித்தி மகன் ஒருவன் வாரியர் எடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். இரண்டாம் ஆக்ட்டின் கடைசி பாஸ் ஜமன்ராவிடம் மாட்டிக்கொண்டான். பாஸின் உயிர்க்கோடு கால்வாசிகூட இறங்கவில்லை, இவன் கீழே கிடக்கிறான். மறுபடி போகிறான், மறுபடி கிடக்கிறான்.

“இந்த கிளாஸே வேஸ்ட்ணா. மங்க் எடுத்திருக்கணும்.”

“இருக்கட்டும், கையில என்ன வச்சிருக்க காட்டு.”

காட்டினான். முதல் ஆக்ட்டில் ஓகம் கிராமத்தில் கீழே கிடந்து எடுத்த இரண்டு கைச் சுத்தியல். நீல ஐட்டம், ஒரே ஒரு உருப்படியான மாடிஃபையர் (ஐட்டத்தில் இருக்கும் கூடுதல் பலன்). அதைத் தூக்கிக்கொண்டே ஒரு பாலைவனம் முழுக்க நடந்து வந்திருக்கிறான். சரி, ஸ்டாஷைத் (சேமிப்புப் பெட்டி) திற என்றேன். ட்ரான்ஸ்மியூட்டேஷன், ஆக்மென்டேஷன், ரீகல், எக்ஸால்டட் என்று ஆர்ப்கள் வரிசையாக அடுக்கியிருந்தன. பையில் தங்கமும் தாராளமாக இருந்தது. “எண்ட்கேமுக்கு வேணும்ல, அதான் சேத்து வைக்கிறேன்” என்றான். கல்யாணத்துக்கு என்று வாங்கிய பட்டுப்புடவை பீரோவிலேயே மடிப்பு விட்டுப்போவது மாதிரிதான் இந்தச் சேமிப்பு.

இந்தத் தப்பு ஏன் இவ்வளவு விலை கேட்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அடிக்கும் வகை ஸ்கில்கள் எல்லாம் ஆயுதத்தின் டேமேஜை எடுத்துத்தான் பெருக்குகின்றன. உங்கள் சுத்தியலின் சராசரி அடி 40 என்று வையுங்கள். லெவல் ஏற ஏறப் புள்ளி போட்டு நிரப்பும் பேசிவ் ட்ரீயில் இதுவரை சேர்த்த கூடுதல் 100 சதவீதம். ஆக 80. லெவல் ஏறி இன்னொரு 12 சதவீதப் புள்ளி எடுத்தால் அதுவும் அந்த நூறோடுதான் கூடும். 80 என்பது 85-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதே ட்ரீயோடு சுத்தியலை மட்டும் சராசரி 70 உள்ளதாக மாற்றினால் 140. ட்ரீயை மணிக்கணக்கில் முறைத்துப் பார்ப்பவர்கள் ஆயுதத்தை ஐந்து நிமிடம் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் “வாரியர் வேஸ்ட்” என்ற பேச்சே வந்திருக்காது.

சார்சரஸ், விட்ச் எடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. மந்திர ஸ்கில்களின் அடி ஜெம்மின் லெவலிலிருந்து வருகிறது, நமக்காகச் சண்டை போடும் மினியன்களும் அப்படித்தான். அவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, உயர்ந்த லெவல் அன்கட் ஜெம் (இன்னும் எந்த ஸ்கில்லுக்கும் பயன்படுத்தாத ஜெம்) விழுந்தவுடன் அதை முக்கிய ஸ்கில்லுக்குச் செலவழித்தார்களா என்பதை. அப்புறம்தான் மந்திர ஸ்கில் லெவலைக் கூட்டும் வாண்ட் அல்லது ஸ்டாஃப்.

அன்றைக்கு அவனை என்ன செய்ய வைத்தேன் என்றால், கேரவனில் இருக்கும் வியாபாரியிடம் அவன் லெவலுக்கு ஏற்ற வெள்ளைச் சுத்தியல்கள் இரண்டைத் தங்கம் கொடுத்து வாங்கச் சொன்னேன். முதலாவதில் ட்ரான்ஸ்மியூட்டேஷன் போட்டான். வெளிச்ச வட்டம் கொஞ்சம் பெரிதாகும் என்று வந்தது. “அடுத்து ஆக்மென்டேஷன் போடவா?” என்றான். வேண்டாம், அதை அப்படியே விற்றுவிடு என்றேன். இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். முதல் மாடிஃபையர் குப்பையாக இருந்தால் அந்த ஐட்டத்தோடு உறவு முடிந்தது. இந்த கேமில் நீலத்தையோ மஞ்சளையோ மறுபடி வெள்ளையாக்கும் ஆர்ப் கிடையாது. முதல் பாகத்தில் இருந்த ஸ்கவரிங், ஆல்டரேஷன் இரண்டுமே இங்கே இல்லை.

இரண்டாவது சுத்தியலில் உடல்தாக்கு டேமேஜ் சதவீதம் விழுந்தது. ஆக்மென்டேஷன் போட்டதில் தாக்கும் வேகம். அப்போதே போதும், பழையதைவிட நல்லது. ரீகல் போட்டு மஞ்சளாக்கினால் நெருப்பு டேமேஜ் சேர்ந்தது. எக்ஸால்டட் ஒன்று போடு என்றேன். கை வரவில்லை அவனுக்கு. மவுஸை ஆர்ப் மேல் வைப்பான், எடுப்பான். “அண்ணா, இதை வித்தா என்ன கிடைக்கும்?” என்கிறான். கடைசியில் போட்டான், ஸ்ட்ரெங்த் வந்தது. ஸ்டாஷ் ஓரத்தில் கிடந்த வெட்ஸ்டோன்களைத் தேய்த்துத் தரத்தைக் கூட்டி, ஆர்ட்டிஃபிசர் ஆர்ப் போட்டு சாக்கெட் திறந்து, ஒரு இரும்பு ரூன் பதித்தோம். ஜமன்ரா அடுத்த முயற்சியிலேயே விழுந்தான்.

“அவ்ளோதானாண்ணா?”

அவ்வளவுதான். ஆனால் கதை முடியவில்லை. மூன்றாம் ஆக்ட் முடியும் தறுவாயில் மறுபடி கூப்பிட்டான், மறுபடி அதே புலம்பல். கையில் நான் இரண்டாம் ஆக்ட்டில் செய்ய வைத்த அதே சுத்தியல், ஸ்டாஷில் மறுபடி ஆர்ப் குவியல்! இதற்கு மேல் என்ன சொல்ல?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. முதல் பாகத்தில் எக்ஸால்டட் ஆர்ப் என்றால் பல வருடம் பெரிய சொத்து. கீழே விழுந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாம் பாகத்தில் அந்த இடம் டிவைன் ஆர்ப்புக்குப் போய்விட்டது. எக்ஸால்டட் இங்கே பயன்படுத்துவதற்கான சரக்கு. சந்தையில் விலையை எக்ஸால்டட் கணக்கில் போடுவதால் காசு மாதிரித் தெரிகிறது, அவ்வளவே. கதை முழுக்க வாயைக் கட்டிச் சேர்த்தது, எண்ட்கேம் மேப்கள் ஓடத் தொடங்கினால் சீக்கிரமே மறந்துபோகும் அளவுக்குத்தான் இருக்கும். டிவைன் விழுந்தால் எடுத்து வையுங்கள். 0.3-இல் வந்த ‘பெர்ஃபெக்ட்’ வகை ஆர்ப் விழுந்தாலும் எடுத்து வையுங்கள். அவை குறைந்த லெவல் ஐட்டத்துக்கு ஆனவை அல்ல. மற்றதெல்லாம் செலவழிக்கத்தான். “க்ரூவலுக்கு மிச்சம் வை” என்று எங்காவது படித்தால் அது 0.3-க்கு முந்தைய யோசனை.

லெவல் ஏறும்போதெல்லாம் ஊர் வியாபாரிகளின் சரக்கு மாறும். அதனால் ஊருக்கு வரும்போது ஆயுதப் பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஆக்ட்டுக்கு ஒரு ஆயுதமாவது மாறவில்லை என்றால் அடுத்த பாஸிடம் மாட்டுவது உறுதி.

கேயாஸ் ஆர்ப்பை முதல் பாக நினைப்பில் போடுவது

முதல் பாகத்தில் அது மஞ்சள் ஐட்டம் முழுவதையும் கலைத்துப் போடும். இங்கே ஏதோ ஒரு மாடிஃபையரை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும். எதை எடுக்கும் என்பது அதன் இஷ்டம். ஐந்து நல்லது, ஒன்று கெட்டது என்று இருக்கும் ஐட்டத்தில் போட்டால் நல்லதில் ஒன்று போகத்தான் வாய்ப்பு அதிகம்.

போட்டிருக்கும் ஐட்டத்தில் வால் ஆர்ப்

அது ஐட்டத்தை என்ன வேண்டுமானாலும் செய்துவிடும், திரும்பச் சரிசெய்ய முடியாது. மாற்று ஐட்டம் கையில் இல்லாமல் போடாதீர்கள்.

பேட்ச் எண் பார்க்காமல் பில்ட் வீடியோவைப் பின்பற்றுவது

பில்ட் என்றால் எந்த ஸ்கில், எந்த ட்ரீ புள்ளி, எந்த ஐட்டம் என்ற மொத்தத் திட்டம். ஏர்லி அக்ஸஸ் என்றாலே தரை நகர்ந்துகொண்டிருக்கும். 2024-இல் கேம் வெளியான சில நாட்களுக்குள்ளேயே, எல்லோரும் கொண்டாடிய ‘காஸ்ட் ஆன் ஃப்ரீஸ்’ (எதிரி உறைந்தால் தானாக மந்திரம் விடும் ஸ்கில்) பலமாகக் குறைக்கப்பட்டது. அதை நம்பி ட்ரீயை நட்டவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 0.2 வந்தபோது எல்லா கிளாஸுக்கும் அடி குறைந்து, ஸ்டீமில் விமர்சனங்கள் சிவப்பாகி, அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. 0.3 வரைக்கும் ஸ்கில்லுக்குத் துணையாகப் பதிக்கும் ஒரே சப்போர்ட் ஜெம்மை ஒரு கேரக்டரில் ஒரு முறைதான் பயன்படுத்தலாம், அப்புறம் அந்தத் தடை நீங்கியது. ஆக, 0.2-க்குப் போட்ட பில்ட் 0.4-இல் வேலை செய்யாது என்பதோடு, அதில் சொன்ன காரணங்களும் செல்லுபடியாகாமல் போயிருக்கலாம்.

இன்னொன்று. திரையில் பாஸை நொடியில் கரைக்கும் அந்த வீடியோவில் இருப்பது லெவல் தொண்ணூறைத் தாண்டிய, விலையுயர்ந்த யூனிக்குகள் மாட்டிய கேரக்டர். லெவல் 12-இல் அதே ஸ்கில்லை வைத்துக்கொண்டு “எனக்கு மட்டும் ஏன் அடி விழவில்லை” என்றால் எப்படி விழும்? லெவலிங் பகுதி தனியாக இல்லாத பில்டை நான் புதியவர்களுக்குச் சொல்வதே இல்லை. ட்ரீயைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம்; ஊரில் இருக்கும் ஹூடட் ஒன் என்பவரிடம் தங்கம் கொடுத்தால் புள்ளிகளைத் திரும்ப வாங்கலாம்.

நிரந்தர வரங்களை விட்டுவிட்டு ஓடுவது

இலக்குக் குறி காட்டும் திசையில் மட்டும் ஓடுபவர்களுக்கு இது. கிளியர்ஃபெல்லில் இருக்கும் பெய்ராவைக் கொன்றால் குளிர்த் தடுப்பு 10 சதவீதம். ஃப்ரெய்த்தார்னில் கிங் இன் த மிஸ்ட்ஸ் 30 ஸ்பிரிட் தருவார். ஸ்பிரிட் இல்லாமல் எந்த பஃப்பையும் (கூடுதல் பலம் தரும் ஸ்கில்) நிலையாக ஏற்றி வைக்க முடியாது, பல பில்ட்கள் அங்கேதான் பிறக்கின்றன. ஓகம் மேனரில் கேண்டில்மாஸ், 20 உயிர். இவை முதல் ஆக்ட்டில் மட்டும். மூலையில் இருக்கிறது என்று தாண்டிப் போனால் கடைசிவரை அந்தக் குறையோடுதான் நடப்பீர்கள்.

தடுப்புச் சதவீதத்தைப் பார்க்காமல் இருப்பது

நெருப்பு, குளிர், மின்னல் மூன்றும் 75 வரை போகும். கதை நகர நகர கேம் கழித்துக்கொண்டே வரும், எண்ட்கேம் வரும்போது மொத்தம் 60 கழிந்திருக்கும். கேரக்டர் திரையை ஆக்ட்டுக்கு ஒரு முறையாவது திறந்து பாருங்கள்.

வேகம் கூட்டாத காலணி

மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

பயத்தில் உருளுவது

டாட்ஜ் ரோலுக்கு ஸ்டாமினா கிடையாது, காத்திருப்பும் கிடையாது. அதனால் புதியவர்கள் ஸ்பேஸ் பாரை விடுவதே இல்லை. உருளும்போது நேரடி வெட்டும் அம்பும் படாது என்பது உண்மை. ஆனால் தரையில் ஓங்கி அடிக்கும் பெரிய அடிகள் அந்த வட்டத்துக்குள் யார் இருந்தாலும் விழும், உருண்டாலும் சரி, நின்றாலும் சரி. வட்டத்தை விட்டு வெளியே வந்தால்தான் தப்பிப்பீர்கள். முதல் ஆக்ட்டின் கடைசி பாஸ் கவுண்ட் ஜியோனரிடம் தொடர்ச்சியாக நாலு உருளல் போட்டுவிட்டு, அவன் ஓங்கிய இடத்திலேயே போய் நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். முதல் இரண்டு முயற்சிகளில் அடிக்கவே வேண்டாம், அவன் கையைப் பாருங்கள். செத்தால் அவன் உயிர் திரும்ப முழுதாக நிறைந்துவிடும், சரி. கதையின் போது நீங்கள் வேறெதையும் பெரிதாக இழப்பதில்லை. எண்ட்கேமில்தான் சாவுக்கு எக்ஸ்பீரியன்ஸ் வெட்டு.

செக்கெமாஸ் சோதனைக்கு அவசரப்படுவது

அசெண்டன்ஸி (கிளாஸுக்குள் இருக்கும் சிறப்புப் பிரிவு) கிடைக்கும் முதல் வாசல் இதுதான், இரண்டாம் ஆக்ட்டில் திறக்கும். இங்கே உயிரைத் தவிர ‘ஹானர்’ என்று இன்னொரு கோடு. அடி வாங்கினால் அதுவும் குறையும், அது தீர்ந்தால் உயிர் முழுதாக இருந்தாலும் வெளியே தள்ளிவிடுவார்கள். நெருங்கி அடிக்கும் வாரியருக்கும் மங்க்குக்கும் இது எவ்வளவு கசக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நல்ல செய்தி என்னவென்றால், சோதனையின் லெவலை நீங்கள் கொண்டுபோகும் பார்யாதான் (உள்ளே நுழையக் கொடுக்கும் பொருள்) தீர்மானிக்கிறது. அது உங்களோடு சேர்ந்து வளராது. கேட் திறந்த கையோடு நுழையாமல் கதையில் கொஞ்சம் முன்னேறி, நாலைந்து லெவல் ஏறி, ஆயுதத்தையும் மாற்றிக்கொண்டு திரும்பி வாருங்கள். ஹானர் தடுப்பு உள்ள ரெலிக் (சோதனைக்குள் மட்டும் பலன் தரும் பொருள்) கிடைத்தால் முதலில் அதை மாட்டுங்கள்.

முதல் கேரக்டரே ஹார்ட்கோர்

ஒரே ஒரு சாவு, அப்புறம் கேரக்டர் ஸ்டாண்டர்ட் என்ற சாதாரண லீக்குக்குப் போய்விடும். தேவையா?

புது லீக்கில் பழைய கேரக்டரைத் தேடுவது

லீக் என்பது எல்லோரும் முதலிலிருந்து தொடங்கும் தனி உலகம். 0.2 வந்த அன்றும் சரி, 0.3 வந்த அன்றும் சரி, “என் கேரக்டர் அழிஞ்சு போச்சு” என்று பதறியடித்துக் கூப்பிட்டவர்கள் உண்டு. அழியவில்லை. லீக் தேர்வை ஸ்டாண்டர்டுக்கு மாற்றினால் பழைய ஸ்டாஷோடு அங்கேயே இருக்கும். ஆனால் அந்தச் சரக்கைப் புது லீக்குக்குக் கொண்டுவர முடியாது. ஆர்ப்களைப் பூட்டி வைத்திருந்தவர்களின் எக்ஸால்டட் குவியலும் அங்கேதான் கிடக்கிறது.