டிபி மாத்திரையோடு இரும்பு டானிக்: பாட்டிலைத் திறக்கும் முன்

தம்பிக்குக் காசநோய் என்று தெரிந்த அன்று ஹீமோகுளோபின் 9.1. சாயங்காலமே அம்மா மருந்துக் கடையில் இரும்பு டானிக் வாங்கி வந்துவிட்டார். ஒரு மாதம் குடித்தான். மலம் கறுத்தது, மலச்சிக்கல் வந்தது. ரத்தம் மட்டும் ஏறவில்லை.

உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், முதலில் டாக்டரிடம் ஃபெரிட்டின், சிஆர்பி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது சேமிப்பில் உள்ள இரும்பின் கணக்கு. ஆனால் உடம்பு கிருமியோடு போராடும்போது வரும் அழற்சி இருந்தாலே அது ஏறிவிடும். அதனால்தான் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தம்பிக்கு இரண்டுமே எகிறிக் கிடந்தன. இரும்பு இல்லாமல் இல்லை, பூட்டிக் கிடந்தது.

பூட்டுவது ஹெப்சிடின், கல்லீரல் சுரக்கும் ஹார்மோன். கிருமி நுழைந்து அழற்சி கூடினால் இதுவும் கூடும். செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் ஒரே வாசலான ஃபெரோபோர்ட்டினை அடைத்துவிடும். அப்புறம் டானிக்கில் உள்ள இரும்பு குடலைத் தாண்டுவது கடினம். பழைய சிவப்பணுக்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களிலும் இரும்பு தேங்கும். ரத்தத்தில் திரியும் கிருமிகளைப் பட்டினி போட இது நல்ல உபாயம். காசநோய்க் கிருமியோ அந்த மேக்ரோஃபேஜுக்குள்ளேயே குடியிருக்கிறது! திருடன் பதுங்கிய அறையில் நகைப்பெட்டியை வைத்துப் பூட்டிய கதைதான். 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் அர்மான் த்ரூசோ, காசநோயாளிகளுக்கு இரும்பு கொடுக்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறார்.

சரி, ரத்தம் எப்படி ஏறும்? டிபி மாத்திரையை நாள் தவறாமல் விழுங்குவதுதான் வழி. கிருமி குறைந்தால் அழற்சி தணியும், ஹெப்சிடின் இறங்கும், பூட்டு திறக்கும். இரண்டாம் மாத முடிவில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். தம்பிக்கு டானிக்கை நிறுத்திய பிறகு 10.8 வந்தது. ஏறவே இல்லை என்றால் உண்மையான இரும்புச்சத்துக் குறைபாடும் கூட இருக்கலாம், டாக்டர் முடிவு செய்வார். ஹெப்சிடின் டெஸ்ட்டைத் தேடி அலைய வேண்டாம்.

முருங்கைக்கீரை, முட்டை, ஈரல் எதையும் ஒதுக்காதீர்கள். இளைத்த உடம்புக்குச் சாப்பாடு வேண்டும். கர்ப்பிணிகள் டாக்டர் எழுதிய இரும்பு மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இருமலில் ரத்தம் வந்தாலோ, நாலு அடி நடந்ததும் மூச்சு வாங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.