மீனவர் சங்கத்துக்கு எந்த டேட்டாபேஸ்? காசு கொடுத்ததா, ஓப்பன் சோர்ஸா?

தங்கச்சிமடம் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தின் உறுப்பினர், படகு, டீசல், கடன் பட்டியல்களை எக்செலிலிருந்து டேட்டாபேஸுக்கு மாற்றிக் கொடுத்தேன். காசு கொடுத்து வாங்குவதா, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸா, எதைத் தேர்ந்தெடுப்பது என்று மற்ற சங்கத்தாரும் கேட்கிறார்கள். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நிறுவுவது எப்படி என்பது யூடியூபில் கொட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: இருப்பதைப் பாருங்கள்

சங்கத்தில் ஏற்கெனவே ஒரு மென்பொருள் எஸ்கியூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ்) மேல் ஓடுகிறதா? அப்படியானால் பேச்சே இல்லை, அதிலேயே இருங்கள். இல்லையென்றால் மேலே படியுங்கள்.

படி 2: அளவு

டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கொடுக்கும் நாளில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அது சில ஆயிரம் வரிகள்தான். எஸ்கியூஎல் சர்வரின் சிறிய பதிப்பான எக்ஸ்பிரஸ் இலவசம். 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி வரம்பு. ஆரக்கிள் நிறுவனத்தின் இலவசப் பதிப்பான எக்ஸ்இ 21சி-யில் 12 ஜிபி. எழுத்தும் எண்ணும் மட்டும் என்றால் அதை நிரப்ப ஆண்டுக்கணக்காகும். ஆதார் நகலையும் போட்டோவையும் உள்ளே திணித்தால்தான் சீக்கிரம் நிரம்பும், அவற்றைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். எக்ஸ்பிரஸின் வரம்பைத் தாண்டினால் எஸ்கியூஎல் சர்வரின் காசு கொடுத்து வாங்கும் ஸ்டாண்டர்டு பதிப்பு. கோர் (கம்ப்யூட்டர் செயலியின் ஒரு பகுதி) கணக்கில் வாங்கினால் குறைந்தது 4 கோருக்குக் காசு கட்ட வேண்டும். இன்னொன்று, எக்ஸ்பிரஸில் வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாகச் செய்யும் ஏஜென்ட் கிடையாது. தினமும் பேக்கப் தானாக நடக்க விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரைத்தான் நம்ப வேண்டும்.

படி 3: தமிழ்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இங்கேதான். பழைய பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோடுக்கு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றுங்கள். இதில் எந்த டேட்டாபேஸும் உங்களுக்குக் கை கொடுக்காது.

அப்புறம் எஸ்கியூஎல் சர்வர் என்றால் பெயர்ப் பத்தி, யூனிகோடு எழுத்தைத் தாங்கும் என்வார்கேர் (NVARCHAR) வகையாக இருக்க வேண்டும். கட்டளையில் தமிழை எழுதும்போது மேற்கோள் குறிக்கு முன் N என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். விட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்ப வராது. ஓப்பன் சோர்ஸான போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் (சுருக்கமாக போஸ்ட்கிரெஸ்) டேட்டாபேஸை யுடிஎஃப்8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று உருவாக்கினால் போதும்.

அடுத்தது அகர வரிசை. அருள், அலெக்ஸ், அழகு, அறிவு, அன்பு என்று ஐந்து பெயர்களைப் போட்டு வரிசைப்படுத்துங்கள். நான் எழுதியிருப்பதுதான் சரியான வரிசை. அன்பு முதலில் வந்து நின்றால், யூனிகோடு எண்களின்படி அடுக்கியிருக்கிறது என்று பொருள். யூனிகோடில் ன-வின் இடம் ந-வுக்கு அடுத்து. போஸ்ட்கிரெஸில் ஐசியு தமிழ் கொலேஷனை (வரிசைப்படுத்தும் விதியை) கொடுத்தால் சரியாகிவிடும், 10-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. செயலாளர் அண்ணன் பட்டியலில் முதலில் பார்ப்பது இதைத்தான்!

படி 4: வெளியே எடுங்கள்

லைசென்ஸ் விவாதத்தைவிட இது முக்கியம். பேக்கப்பை எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, தமிழ் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். எஸ்கியூஎல் சர்வர் பேக்கப்பைப் பழைய பதிப்பில் ஏற்ற முடியாது. போஸ்ட்கிரெஸின் சாதாரண டம்ப் (பேக்கப் கோப்பு) வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் துருப்பிடிக்கும் ஊர் இது, பேக்கப்பை அதே அறையில் வைக்காதீர்கள்.

என் தேர்வு

போஸ்ட்கிரெஸ். 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, ஒரே கம்பெனியின் கையில் இல்லை. இன்னொரு ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 2010-இல் சன் நிறுவனத்தோடு ஆரக்கிளுக்குப் போனது. அதை உருவாக்கியவரே 2009-இல் மரியாடிபியைப் பிரித்துத் தொடங்கிவிட்டார். மலிவான ஹோஸ்டிங்கில் மரியாடிபிதான் கிடைக்கிறதென்றால் அதுவும் நல்லதே. டேட்டாபேஸைத் திறந்து பார்க்கும் கருவியில் பிஜிஅட்மின் எனக்குப் பிடிக்காது. டிபீவர் போடுங்கள், எல்லா டேட்டாபேஸுக்கும் அது ஒன்றே போதும்.

ஆனால் ராமநாதபுரத்தில் கூப்பிட்டால் வருகிற ஆளுக்கு எஸ்கியூஎல் சர்வர் மட்டும்தான் தெரியும் என்றால், எக்ஸ்பிரஸையே போடுங்கள். ஓப்பன் சோர்ஸில் மிச்சமாகும் காசு, ஆள் கிடைக்காமல் நிற்கும் நாட்களில் போய்விடும்.

மாற்றுவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் வசதி. விசைப்படகு போகாது, டோக்கனும் இல்லை. நிவாரணப் பட்டியல் அந்த நேரத்தில்தான் கேட்பார்கள் என்பதால் உறுப்பினர் பட்டியலை முதலில் முடித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒரே படகு இரண்டாக வருகிறது என்று தொண்டியிலிருந்து ஒருவர் எழுதினார். பதிவு எண்ணில் எம்எம் விசைப்படகு, எம்ஓ மோட்டார் நாட்டுப்படகு. அந்த ஓ-வுக்குப் பதில் பூஜ்யம் அடித்திருந்தார்கள். வகையைத் தனிப் பத்தியாக்கி, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விடுங்கள். எண்ணை மட்டும் தட்டச்சு செய்யட்டும். இரண்டையும் சேர்த்து யுனிக் (ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது) என்று கட்டிவிட்டால் இரட்டைப் பதிவு உள்ளேயே போகாது.