அரிச்சல்முனைக்கு ஒரு நாள் கார் பயணம்: கடைசி இடத்துக்கு முதலில் போங்கள்

ராமநாதபுரத்திலிருந்து கிளம்பும் பலர் வழியில் வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், உச்சிவெயிலில் தனுஷ்கோடியில் இறங்குகிறார்கள். அங்கே ஒதுங்க மரநிழல் கிடையாது, மணலில் கால் வைக்க முடியாது. பத்து மணிக்கு மேல் வேன்களும் பேருந்துகளும் சேர்ந்து சாலை முனையே அடைத்துக்கொள்ளும். அதனால் திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். தனுஷ்கோடிக்கு அப்பால் சாலை முடியும் அரிச்சல்முனைக்கு நேரே போய்விட்டு, மற்ற இடங்களைத் திரும்பும் வழியில் பாருங்கள்.

காலை 5 மணிக்குப் புறப்பட்டால் மண்டபம், பாம்பன், ராமேசுவரம் வழியாகச் சுமார் 75 கிலோமீட்டர். ஏழு மணிக்கு முன்னே பின்னே சேர்ந்துவிடலாம். விடிந்ததும் சூரியன் நேர் எதிரே எழும். உப்புப் படிந்த கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் சாலை தெரியாது. முந்தின இரவே கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, வைப்பர் தண்ணீரை நிரப்பி வையுங்கள். உப்பும் மணலும் ஒட்டிய கண்ணாடியில் வைப்பரை வறட்டாக ஓட்டினால் கீறல் விழும். பெட்ரோலை ராமேசுவரத்திலேயே போட்டுவிடுங்கள், அதற்கப்பால் பங்க் இல்லை. குடிதண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர்.

நாளைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடா பக்கம், உள்ளூரில் ஆண்கடல் என்பார்கள், அலை உயரும். பாக் நீரிணைப் பக்கமான பெண்கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசி தொடங்கி வாடை வீசும்போது இது அப்படியே மாறும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தையும் மாசியும் நல்ல காலம். கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் நிற்பதையும் பார்க்கலாம். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் மட்டும் வராதீர்கள். தர்ப்பணக் கூட்டத்தில் ராமேசுவரத்தைத் தாண்டவே மணிக்கணக்காகும்.

இந்தச் சாலையில் கார்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மணலில்தான். காற்றடிக்கும் மாதங்களில் மணல் தாரின் மேலேயே மெல்லிய படலமாக ஏறிக் கிடக்கும்; அதன்மேல் சடாரென்று பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். ஓரம்கட்டும்போது நான்கு சக்கரமும் தாரிலேயே இருக்கட்டும். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிகிற மணல் அடியில் பொலபொலவென்றிருக்கும். சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்கே குழி தோண்டி வண்டியின் வயிற்றை மணலில் உட்கார வைத்துவிடும். எல்லோரும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலைக் கையால் அள்ளுங்கள். டயர் காற்றை 18–20 பிஎஸ்ஐக்குக் குறையுங்கள், தரையில் படும் பரப்பு அகலும். எஞ்சின் இழுக்கும் சக்கரங்களுக்கு அடியில் கார் மிதியடிகளைச் செருகி, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னால் எடுங்கள். வெளியே வந்ததும் காற்றடித்துவிட வேண்டும்; காற்றில்லாத டயரோடு வேகமாகப் போனால் டயர் கிழியும். சிகரெட் லைட்டரில் மாட்டும் சிறிய பம்ப் ஒன்று வண்டியில் இருப்பது நல்லது.

அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிற இடம், கரையிலேயே ஆழம் இறங்கும். சில கைபேசிகள் அங்கே இலங்கை அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். பவளப்பாறைத் துண்டு, செத்ததாக இருந்தாலும், எடுத்து வராதீர்கள். பவளமும் கடல் அட்டையும் கடல்குதிரையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை.

திரும்பும்போது 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்கள், ரயில் நிலைய இடிபாடுகள், பிறகு அந்தப் புயலிலும் நின்ற கோதண்டராமர் கோயில். மதியச் சாப்பாடு ராமேசுவரத்தில். ராமநாதசுவாமி கோயிலை இந்த நாளில் சேர்க்க வேண்டாம். 22 தீர்த்தமாடித் தரிசிக்க அரை நாள் வேண்டும், நடையும் பிற்பகலில் சாத்தியிருக்கும். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு, 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகாலுக்கு ஒரு கிளைச்சாலையில் போய்வரலாம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நடுவில் நிறுத்தாதீர்கள். இருவழிதான், பின்னால் வருபவருக்கு இடமில்லை. பக்கக்காற்று தள்ளும், இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் தூக்குப் பாலத்தைப் பார்க்க, பாலத்தைக் கடந்து வண்டியை விட்டு இறங்கி நடப்பதே சரி.

குழந்தைகள் தண்ணீரில் இறங்க ஆசைப்பட்டால் மாலையில் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத பெண்கடல். வாடைக் காலத்தில் மட்டும் அங்கேயும் அலை புரளும்.

மறுநாளே காரின் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்க்காரர்கள் குடிதண்ணீரையே பயன்படுத்த வேண்டும். கழுவியபின் நாலைந்து முறை பிரேக்கை மெதுவாக அழுத்தி ஓட்டினால் தட்டில் தங்கிய ஈரம் காயும்.