திண்மக் கொழுப்பு நானோதுகள்கள்: மருந்து மெல்ல வெளியேறும்படி தயாரிக்கும் முறை

மருந்தைச் சுமக்கும் மிக நுண்ணிய கொழுப்புத் துகள்களான திண்மக் கொழுப்பு நானோதுகள்களைத் தயாரிக்க முனைபவர்கள் பெரும்பாலும் துகளின் அளவிலேயே கண்ணாக இருக்கிறார்கள். ஆனால் மருந்து எவ்வளவு மெதுவாக வெளியேறும் என்பது, அது துகளின் உட்பகுதியில் தங்கியிருக்கிறதா, மேலோட்டில் திரண்டிருக்கிறதா என்பதைப் பெரிதும் பொறுத்தது. இங்கே சொல்லப்படும் வெப்பமுறை, நீரில் எளிதில் கரையாததும் சூட்டைத் தாங்கக்கூடியதுமான மருந்துகளுக்கே ஏற்றது.

கிளிசரில் மோனோஸ்டியரேட், கிளிசரில் பெஹனேட், ஸ்டியரிக் அமிலம் ஆகிய கொழுப்புகளைத் தனித்தனிச் சோதனைக் குழாய்களில் உருக்கி, மருந்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எதில் அதிகம் கரைகிறது என்று முதலில் பார்க்கவும். உருகிய நிலையில் கலவை தெளிவாக இருப்பது மட்டும் போதாது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உறையவிட்டு, மருந்துப் படிகங்கள் பிரிந்து நிற்கின்றனவா என்று நுண்ணோக்கியிலும் பார்த்துவிட வேண்டும். மிகத் தூய்மையான ஒற்றைக் கொழுப்பே சிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் மருந்துக்கு இடம் குறைவு. போதாக்குறைக்கு, முதலில் தளர்வான ஆல்ஃபா என்ற படிக வடிவில் உறையும் கொழுப்பு, சேமிப்பின்போது நெருக்கமான பீட்டா வடிவுக்கு மாறுகையில் மருந்தை வெளியே தள்ளிவிடும். ஒலியிக் அமிலம் போன்ற திரவக் கொழுப்பைச் சிறிது கலப்பது இந்த ஒழுங்கைக் குலைப்பதற்காகத்தான்.

கொழுப்பை அதன் உருகுநிலைக்கு மேல் 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, அதில் மருந்தைக் கரைக்கவும். போலோக்சமர் 188 அல்லது பாலிசார்பேட் 80 என்ற பால்மமாக்கி (கொழுப்புத் துளிகள் நீரில் பிரியாமல் நிற்க உதவும் பொருள்) கரைந்த நீரையும் அதே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பிறகே சேர்க்க வேண்டும். இல்லையேல் கொழுப்பு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். அதிவேகக் கலக்கியால் பால்மமாக மாற்றி, துளிகளை நுண்ணியதாக உடைக்கும் உயர் அழுத்த ஹோமோஜெனைசரில் 500 பார் அழுத்தத்தில் மூன்று சுற்றுகள் செலுத்துவது பொதுவான தொடக்கம். சுற்றுகளைக் கூட்டிக்கொண்டே போனால், துகள்கள் மோதி மீண்டும் ஒன்றுசேர்ந்து பெரிதாவதும் உண்டு.

குளிர்விக்கும் கட்டத்தில்தான் கவனம் மிகவும் தேவை. சூடும் பால்மமாக்கியும் மிகுந்தால் மருந்தின் ஒரு பகுதி நீரில் கரைந்துவிடுகிறது. குளிரும்போது அது கொழுப்புக்குத் திரும்ப முயன்றாலும், உட்பகுதி அதற்குள் உறைந்துவிட்டதால் மேலோட்டிலேயே தங்கிவிடுகிறது. பின்னர் முதல் சில மணி நேரத்திலேயே மருந்து மொத்தமாகக் கொட்டிவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். எனவே துகள் நிலைத்திருக்கத் தேவையான அளவுக்கு மேல் பால்மமாக்கி வேண்டாம்.

துகள் அளவையும் சீர்மையையும் ஒளிச்சிதறல் கருவியில் அளக்கலாம். துகள் அளவுகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதைக் காட்டும் பரவல் குறியீடு 0.3-க்குக் கீழ் இருப்பது நல்லது. வெளியேற்றச் சோதனையை, மருந்தை மட்டும் வெளியே விடும் நுண்துளைச் சவ்வாலான டயாலிசிஸ் பையில் 37 டிகிரியில் செய்யும்போது, வெறும் மருந்துக் கரைசலையும் இன்னொரு பையில் இட்டு உடன் சோதிக்க வேண்டும். பையே மருந்தைத் தாமதப்படுத்தும் என்பதால், இந்த ஒப்பீடு இல்லாத வரைபடத்தை நான் நம்புவதில்லை. சில வாரச் சேமிப்புக்குப் பின் இதே சோதனையை மீண்டும் செய்து, தொடக்க வேகம் கூடியிருந்தால், பீட்டா வடிவ மாற்றத்தையே முதலில் சந்தேகித்து, திரவக் கொழுப்பின் பங்கைச் சற்று உயர்த்திப் பார்க்கவும்.