பால்வெட்டு வீடியோவும் முதல் நூறு டாலரும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்கு இருநூறு ரப்பர் மரங்கள் இருக்கின்றன. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவள் நான். கைப்பேசியை ஒரு கம்பில் கட்டி நட்டுவைத்து எடுத்த வீடியோக்களில்தான் யூடியூப் பணம் வந்தது. யூடியூபில் எப்படிச் சம்பாதிப்பது என்று கேட்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் என்ன கேமரா என்கிறார்கள். எதைக் காட்டப் போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

2024 டிசம்பர் 30 அன்று கன்னியாகுமரியில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அந்த வாரமே நானும் போய் எடுத்துப் போட்டேன், பார்க்க ஆளில்லை. அதையே நூறு பேர் என்னைவிட நன்றாக எடுத்திருந்தார்கள். உங்கள் கை அறிந்த வேலையை எடுங்கள். குளச்சலில் வலை பழுதுபார்ப்பதும், தோவாளையில் மாலை கட்டுவதும், மார்த்தாண்டத்தில் தேன்பெட்டி திறப்பதும் நமக்குச் சாதாரணம், வெளியூர்க்காரருக்குப் புதுமை.

வேலையை முழுதாகக் காட்டுங்கள். கத்தி பட்டையில் இறங்குவது, சிரட்டையில் பால் சொட்டுவது, வடிகட்டித் தண்ணீர் கலந்து அமிலம் விட்டு உறையவைப்பது, உருளையில் கொடுத்து ஷீட் ஆக்குவது, புகையில் காயவைப்பது என்று வரிசை விடாமல். வணக்கம் சொல்லி ஊர்ப்பெருமை பேசித் தொடங்காதீர்கள். முதல் நொடியிலேயே கத்தி பட்டையில் இருக்கட்டும். நம் சேனலின் கணக்குகளைக் காட்டும் யூடியூப் ஸ்டுடியோவில், பார்ப்பவர் எந்த இடத்தில் விலகினார் என்று ஒரு கோடு காட்டும். என் முகவுரை ஓடிய இடத்தில் அது சரிந்து கிடந்தது.

இசை சேர்க்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். அதிகம் பேர் பார்த்த என் வீடியோவில் பின்னணியில் திருவிழா ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அந்தச் சினிமாப் பாட்டு பதிவானதால் உரிமைக்கோரல் வந்து, விளம்பரப் பணம் பாட்டின் உரிமையாளருக்குப் போய்விட்டது. அந்தப் பகுதியின் ஒலியை ஸ்டுடியோவிலேயே நீக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது ஊரில் கொடியேறினால் பத்து நாளும் படமெடுப்பதில்லை. கத்தியின் சரசரப்பையும் பால் சொட்டும் ஒலியையும் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனிக் கணக்கு. 500 சந்தாதாரர், 90 நாளில் 3 வீடியோ, ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை இருந்தால் சேனலில் சம்பாதிக்க வழிவிடும் யூடியூப் கூட்டாளர் திட்டத்தில் சேரலாம்; ஆனால் விளம்பரப் பங்கு கிடைக்காது. அதற்கு 1,000 சந்தாதாரரும் 4,000 மணி நேரமும் வேண்டும். குறும்வீடியோ (ஷார்ட்ஸ்) மட்டும் போடுகிறவர் அந்த மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஒரு கோடிப் பார்வை காட்ட வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு நீள வீடியோதான் வழி. அதில் விளம்பர வருவாயில் 55 சதவீதம் நமக்கு. எட்டு நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் வரும். அதற்காக இழுத்து நீட்டாதீர்கள், ஓடிவிடுவார்கள்.

கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க, நமக்குப் பணம் அனுப்பும் கூகுளின் ஆட்சென்ஸ் ஒரு எண்ணைத் தபாலில் அனுப்பும். உங்கள் வீட்டுப் பெயரைத் தபால்காரருக்குத் தெரிந்தபடியே எழுதுங்கள். எனக்கு முதல் கடிதம் வரவே இல்லை. முகவரியில் வீட்டுப் பெயரை நான் விட்டிருந்தேன். அமெரிக்க வரிப் படிவத்தையும் மறக்காமல் நிரப்புங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகப் பிடிப்பார்கள். 100 டாலர் சேர்ந்த பிறகு, அடுத்த மாதம் 21-ஆம் தேதிக்கு மேல் வங்கிக்கு வரும்.

அடுத்தவர் தோட்டத்தில் வெட்டுகிற அக்காமாரின் முகத்தைக் கேட்காமல் போடாதீர்கள். கூலிக்கு நிற்கிறவர் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார். தயங்கினாலே வேண்டாம் என்றுதான் பொருள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. மழை பிடித்தால் வெட்டு நின்றுவிடும், எடுக்க ஒன்றும் இருக்காது. ஆகவே வெயில் நாட்களில் பத்துப் பன்னிரண்டு வீடியோ எடுத்துச் சேர்த்துவையுங்கள்; மழை நாளில் வீட்டில் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, வாரம் ஒன்றாக விடலாம்.