அறிவியலும் ஒரு நம்பிக்கைதானா? மேடையேறப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்து ஊர்களில் மாலை நேர அறிவியல் கூட்டம் நடத்தும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கூட்டம் கிரகணத்தைப் பற்றியதோ தடுப்பூசியைப் பற்றியதோ, கடைசியில் யாராவது எழுந்து கேட்பார்: "நாங்க சாமியை நம்புறோம், நீங்க விஞ்ஞானத்தை நம்புறீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

நல்ல கேள்வி. ஆனால் எங்கள் தலைமுறை சொல்லிச் சொதப்பிய பதில்களையே இந்தப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். மைக்கைப் பிடிக்கும் விதம், நேரத்துக்குள் முடிப்பது போன்றவை உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கேட்டவரைக் கேலி செய்வது

செய்யாதீர்கள்.

"அறிவியலில் நம்பிக்கைக்கே இடமில்லை" என்பது

இடம் உண்டு. இயற்கை நேற்று நடந்தபடியே நாளையும் நடக்கும் என்பதை யாரும் நிரூபித்ததில்லை. "இதுவரை அப்படித்தானே நடந்தது" என்று காட்டினால், நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொண்டதாகிவிடும். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சிக்கலை எடுத்துவைத்தார். எல்லோரும் ஏற்கும் பதில் இன்னும் வரவில்லை. அதை மேடையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் இதையும் சொல்லுங்கள்: விதை விதைக்கிறவர், உலை வைக்கிறவர், கோயிலுக்குப் போகிறவர், போகாதவர் எல்லோருமே அதே எதிர்பார்ப்பில்தான் வாழ்கிறார்கள். அறிவியலுக்கென்று தனியாக வாங்கிய சலுகை இல்லை அது.

பெரிய பெயரைச் சொல்லி வாயை அடைப்பது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதற்குத்தான். ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "அணு அணுங்கறியே, நீ கண்ணால பாத்தியா தம்பி?" எங்கள் பையன், "விஞ்ஞானிகள் பார்த்திருக்கிறார்கள் ஐயா" என்றான். "எங்க ரிஷிங்களும்தான் பாத்திருக்காங்க" என்றார் அவர். கூட்டம் கைதட்டியது. தட்டியதில் நியாயம் இருந்தது. எங்கள் பையன் வைத்த வாதத்தைத்தான் பெரியவர் அப்படியே திருப்பி வைத்தார்.

இந்தத் தவறுக்கு விலை அதிகம். திருநள்ளாறு கோயிலுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில வினாடி நின்றுவிடுகின்றன, நாசாவே வியந்துபோனது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அது பொய். தாழ்வான பாதையில் போகும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால்தான் மேலேயே இருக்கிறது. நின்றால் கீழே விழத் தொடங்கிவிடும். ஆனால் "நாசா சொன்னால் சரி" என்று நாமே ஊருக்குக் கற்றுக்கொடுத்திருந்தால், அந்தச் செய்தியை அவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்?

அந்தப் பையன் "நான் பார்க்கவில்லை ஐயா" என்று தொடங்கியிருக்கலாம். "ஆனால் யார் எப்படிச் சோதித்தார்கள், தப்பாக இருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்கிறேன்" என்று தொடர்ந்திருக்கலாம். அதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம் பண்பாட்டில் அதற்கு இடமில்லை என்று பலர் உறுதியாக இருந்த காலம். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்தன. அவற்றில் ஆறு, கிருமி இருப்பதாகக் காட்டின. யாரும் எதிர்பார்க்காத முடிவு.

அடுத்து அவர்கள் செய்ததைத்தான் மேடையில் நிறுத்திச் சொல்ல வேண்டும். "சிஎம்சி சொல்லிவிட்டது" என்று அதோடு விடவில்லை. அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவில் வேறொரு முறையில் சோதித்தார்கள். அங்கும் அதே முடிவு வந்த பிறகுதான் உறுதியானது. முதல் சோதனை தப்பாக இருந்திருந்தால் இரண்டாவது அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். நாம் ஆய்வுக்கூட ரிப்போர்ட்டை நம்புவது உண்மைதான். ஆனால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகவும் வழி வைத்திருக்கிறார்கள். வேதத்துக்கோ வேறெந்த மறைநூலுக்கோ அதை ஏற்றவர்கள் இப்படி ஒரு மறுசோதனை வைப்பதில்லை. வைக்கச் சொல்வதும் நம் வேலையில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று காட்ட இந்த வேறுபாடு போதும்.

அறிவியல் தவறே செய்யாது என்பது

ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் கதையைச் சொல்லுங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை உலகில் பல இடங்களிலிருந்து கவனித்தார்கள். காவலூர்த் தொலைநோக்கியிலும் மறைப்புக்கு முன்பே ஒளி சட்டென்று மங்கியது பதிவானது. யுரேனஸைச் சுற்றும் புதிய துணைக்கோள் (நிலா) ஒன்று குறுக்கே வந்திருக்கலாம் என்று இங்கிருந்தவர்கள் முதலில் கருதினார்கள். மற்ற இடத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டதும் அவை யுரேனஸின் வளையங்கள் என்று தெளிவானது. முதல் விளக்கம் போனது, அளவீடு நின்றது. இந்தத் திருத்தத்தை மறைக்காமல் விவரமாகச் சொல்லுங்கள். கேட்பவர்கள் மிகக் கூர்மையாகக் கவனிப்பது இந்த இடத்தில்தான்.

மதத்தை வெறும் தப்பான விஞ்ஞானமாகப் பார்ப்பது

திருவண்ணாமலையில் கிரிவலம் போகும் பாட்டி பிரபஞ்சத்தைப் பற்றி ஒரு கருதுகோளைச் சோதிக்கப் போகவில்லை. துக்கத்தை இறக்கிவைக்கப் போகிறார், நன்றி சொல்லப் போகிறார். அதை "ஆதாரம் எங்கே" என்று கேட்பது அநியாயம். சிஎம்சியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் ஒரு கிறிஸ்தவ மிஷனரி. அங்கே இன்றும் பிரார்த்தனை நடக்கிறது, மருந்தின் அளவைத் தீர்மானிப்பது பரிசோதனை. மதம் உலகத்தைப் பற்றிச் சோதிக்கக்கூடிய ஒன்றைச் சொல்லும்போது மட்டும், இந்தக் கயிற்றைக் கட்டினால் மஞ்சள் காமாலை போகும் என்பது போல, சோதித்துப் பார்க்கக் கேளுங்கள். அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். உயிர் போகிற விஷயம்.

ஒரே கூட்டத்தில் முடித்துவிட நினைப்பது

முடியாது. விடை தெரியாத கேள்வியைக் குறித்துக்கொண்டு, அதே ஊருக்குத் திரும்பப் போங்கள்.