ஒலிப்பதிவுகளை நெடுங்காலம் காக்க எதில் சேமிப்பது?

தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டியின் தாலாட்டு, தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் பாடிய காவடிப் பாடல்கள் எனப் பினாங்குக் குடும்பங்கள் பலவற்றில் அரிய கேசட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றியவர்கள் பெரும்பாலும் ஒரு பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது போதாது. என்றென்றும் நிலைக்கும் ஒரே கருவியைத் தேடுவதை விட, வெவ்வேறு முறையில் பழுதாகும் இரண்டு கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

படி 1: அளவைக் கணக்கிடுங்கள்

மூலப்படியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். எம்பி3 கேட்பதற்கு மட்டும் போதும். இந்தத் தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி 2 ஜிகாபைட்டைச் சற்றுத் தாண்டும். ஆகவே 60 நிமிடக் கேசட்டுகள் 100 இருந்தால், ஏறத்தாழ 210 ஜிகாபைட் இடம் வேண்டும்.

படி 2: கருவிகளைத் தேர்ந்தெடுங்கள்

பென் டிரைவும் எஸ்எஸ்டியும் (சுழலும் பாகமில்லாத கணினிச் சேமிப்பகம்) தரவை நுண்ணிய மின்னூட்டமாகத் தேக்கி வைப்பதால், மின்னிணைப்பு இல்லாமல் கிடக்கும்போது அது மெல்லக் கசிகிறது. வெப்பம் கூடினால் கசிவும் விரைவாகும். வீட்டுக் கணினிகளுக்கான எஸ்எஸ்டி, தன் எழுதும் ஆயுளை, அதாவது எழுதித் தாங்கக்கூடிய அளவை, முடித்த நிலையில், மின்சாரமின்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே, மின்னணுத் துறைக்குத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. நம் ஊர் அறைகளின் வெப்பம் அந்த அளவை எளிதில் தொடுகிறது என்பதால், இவற்றைக் கோப்புகளைக் கொண்டுசெல்ல மட்டும் பயன்படுத்துங்கள்.

முதல் கருவியாக ஹார்ட் டிஸ்க்கையே பரிந்துரைக்கிறேன். விலை குறைவு, கொள்ளளவு அதிகம், பிழை இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. சுழலும் பாகங்கள் தேயும் என்பதால், நன்றாக ஓடினாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுவது நல்லது.

இரண்டாவது கருவியாக எம்-டிஸ்க் (M-DISC) அல்லது எச்டிஎல் (HTL) வகைப் புளூரே வட்டை வாங்குங்கள். சாதாரண சிடியிலும் டிவிடியிலும் பதிவைத் தாங்கும் கரிமச் சாயம் வெயிலிலும் ஈரத்திலும் சிதையும்; இவ்வகை வட்டுகளிலோ கனிமப் படலம் இருப்பதால் அந்தச் சிதைவு மிகக் குறைவு. எல்டிஎச் (LTH) என்று குறித்த புளூரே வட்டில் மீண்டும் சாயமே இருக்கிறது, அதைத் தவிர்த்துவிடுங்கள். 25 ஜிகாபைட் வட்டு ஒன்றில் 60 நிமிடக் கேசட்டுகள் 11 அடங்கும். 2025 பிப்ரவரியில் சோனி பதிவு செய்யத்தக்க புளூரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது; நாளடைவில் வட்டுகளும் கருவிகளும் கிடைப்பது அரிதாகலாம். வட்டுகள் மட்டும் இருந்து படிக்கும் கருவி இல்லாவிட்டால் பயனில்லை என்பதால், அதையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.

காப்பகங்கள் விரும்பும் எல்டிஓ காந்த நாடா மிக நம்பகமானதுதான். ஆனால் அதை இயக்கும் கருவியின் விலை பல ஆயிரம் ரிங்கிட் என்பதால் வீட்டுக்கு ஏற்றதன்று. கோயில் அல்லது சங்கம் சேர்ந்து வாங்கினால் பொருந்தும்.

படி 3: சரிபார்ப்புக் கோவையை உருவாக்குங்கள்

படியெடுக்கும் முன்பே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 (SHA-256) சரிபார்ப்புக் கோவையை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசையைக் கணக்கிட்டு, பட்டியலைக் கோப்புகளுடன் வையுங்கள். விண்டோஸில் உள்ள பவர்ஷெல் (PowerShell) என்ற கட்டளை நிரல் இதைச் செய்யும். ஒரு பிட் மாறினாலும் கோவை மாறிவிடும் என்பதால், காதுக்குப் புலப்படாத சேதமும் இதில் தெரிந்துவிடும்.

படி 4: ஈரத்திலிருந்து காத்து, பிரித்து வையுங்கள்

கேமராக் கடைகளில் கிடைக்கும் ஈரம் நீக்கும் பெட்டியில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காடாக வைத்திருங்கள். சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத பெட்டியும் உதவும். நிறம் மாறியதும் ஜெல்லை உலர்த்த வேண்டும். ஜார்ஜ் டவுனில் ஒரு படி இருந்தால் இன்னொன்றைப் பட்டர்வொர்த்தில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள்; வெள்ளமோ தீயோ இரண்டையும் ஒருசேர அழிக்காது.

படி 5: ஆண்டுக்கு ஒருமுறை சோதியுங்கள்

தைப்பூச விடுமுறை போல நினைவில் நிற்கும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, இரண்டு படிகளின் கோவைகளையும் பழைய பட்டியலுடன் ஒப்பிடுங்கள். ஒன்றில் கோவை பொருந்தாவிட்டால், அந்தக் கோப்பை மற்றதிலிருந்து அன்றே மீண்டும் எடுத்துப் புதிய கருவியில் பதியுங்கள்.